மூளையைத் துரத்திவிட்டு மூளையைத் தேடிய மாநிலம்

'அறிவுசார் பொருளாதாரம்' என்ற சொல் இப்போது பட்ஜெட் உரையிலும் வருகிறது, கல்லூரி விழா மேடையிலும் வருகிறது. பழைய தொழில்கள் படுத்துவிட்ட ஒரு மாநிலம் படிப்பை வைத்து எழுந்து நிற்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவைப் பலரும் கைகாட்டுவார்கள். எழுந்து நின்றது உண்மைதான். அப்போது யார் எங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிப்போம் தோழர்களே.

1950களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்துக்குத் தெரிந்த பெரிய தொழில்கள் மூன்று: புகையிலை, பஞ்சாலை, மரச்சாமான். மூன்றிலும் கூலி குறைவு. தனிநபர் வருமானத்தில் அன்றைய 48 மாநிலங்களில் கடைசி வரிசையில் கிடந்தது. பஞ்சாலைகளில் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் வேலை பெரும்பாலும் வெள்ளையருக்கே; கறுப்பருக்குக் கூட்டுவதும் சுமப்பதும். நல்ல பல்கலைக்கழகங்கள் இருந்தன. ஆனால் அங்கே படித்தவர்கள் வேலை தேடி வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். 'நம் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்' என்பதுதான் ஆட்சியாளர்களின் பெரும் புலம்பல்.

டர்ஹாமில் டியூக், சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம், ராலேயில் மாநிலக் கல்லூரி. இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணத்தின் நடுவில் பைன் மரக்காடு. அங்கே ஆய்வுக்கூடங்களைக் கொண்டுவரலாம் என்ற யோசனையை ஆளுநர் லூதர் ஹாட்ஜஸ் கையில் எடுத்தார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் ராஜ்பவன் சமாச்சாரம் அல்ல.) முதலில் லாபத்துக்கான நிறுவனமாக நடத்திப் பார்த்தார்கள், நகரவில்லை. ஆர்ச்சி டேவிஸ் என்ற வங்கிக்காரர், பங்கு விற்பதை விட்டுவிட்டு நன்கொடை கேட்போம் என்றார். சில மாதங்களில் 14 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். 1959இல் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் பிறந்தது. அதன் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1965இல் ஐபிஎம் வருவதாகவும், மத்திய அரசின் சுற்றுச்சூழல் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் அமைவதாகவும் அறிவிப்பு வந்த பிறகுதான் காற்று திரும்பியது. இன்று அது சுமார் 7,000 ஏக்கர்.

இடையில் 1961இல் ஆளுநரான டெரி சான்ஃபோர்டு பள்ளிகளுக்குப் பணம் தேட, உணவுப் பொருள்களுக்கும் விற்பனை வரி போட்டார். 1963இல் சமுதாயக் கல்லூரிகளுக்குச் சட்டம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஏழை வீட்டு ரொட்டியும் அந்தக் கணக்கில் வரி கட்டியது என்பதை மறக்க வேண்டாம்.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. இனி அந்த முக்கோணத்தில் சேர்க்கப்படாத புள்ளிக்கு வருவோம். டர்ஹாமிலேயே இன்னொரு கல்லூரி இருந்தது. ஜேம்ஸ் ஷெப்பர்டு 1910இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய வட கரோலினா கல்லூரி. டியூக்கிலிருந்து சில கிலோமீட்டர்தான். முக்கோணத்தின் எந்த மூலையிலும் அதற்கு இடமில்லை. மூலையாக இருந்த டியூக்கோ 1963 வரை ஒரு கறுப்பின இளங்கலை மாணவரைக்கூடச் சேர்க்கவில்லை.

டர்ஹாமில் வளர்ந்தவர் பாலி முர்ரே. 1938இல் சேப்பல் ஹில்லில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். மறு ஆண்டே மாநிலம் ஒரு வழி கண்டுபிடித்தது: கறுப்பின மாணவர் வெளி மாநிலத்துக்குப் போய் மேற்படிப்புப் படித்தால் அரசு பணம் தரும். அதாவது, எங்கே வேண்டுமானாலும் போ, இங்கே மட்டும் வராதே. முர்ரே ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1944இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அங்கே அவர் எழுதிய கட்டுரை, பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்த பிரவுன் வழக்கின் வழக்கறிஞர்களுக்குக் கைகொடுத்தது. 'நம் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்' என்று அழுத மாநிலம், நாலில் ஒருவராக இருந்த தன் மக்களின் பிள்ளைகளைக் காசு கொடுத்தே அனுப்பிக்கொண்டிருந்தது. மூளை தானாக வெளியேறவில்லை, துரத்தப்பட்டது.

1955இல் டர்ஹாமின் ஹில்சைடு பள்ளியிலிருந்து லெராய் ஃப்ரேசியர், ரால்ஃப் ஃப்ரேசியர், ஜான் பிராண்டன் என்ற மூவர் நீதிமன்றம் போய் சேப்பல் ஹில்லில் இளங்கலை வகுப்புக்குள் நுழைந்தார்கள். விடுதியில் ஒரு தளத்தையே ஒதுக்கி மூவரையும் தனியாக வைத்தார்கள். தீண்டாமைக்கு விடுதி வார்டன்கள் எந்த நாட்டிலும் இடம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அறிவுப் பூங்காவின் நாயகர் ஹாட்ஜஸ் என்ன செய்தார்? அதே 1955 ஆகஸ்டில், கறுப்பின மக்கள் தாமாகவே தனிப்பள்ளிகளில் இருந்துகொள்ள வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். 1956இல் அவர் ஆதரவோடு பியர்சால் திட்டம் வந்தது: கலப்புப் பள்ளி பிடிக்காத ஊர் வாக்கெடுத்துப் பள்ளியையே மூடலாம், பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்ப அரசுப் பணமும் வாங்கலாம். ஒரு கையில் ஆய்வுக்கூடம், மறு கையில் பள்ளிக்கூடப் பூட்டு. 1955 நவம்பரில் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்களின் ஏ அண்டு டி கல்லூரிக்குப் பேசப் போனபோது மாணவர்கள் காலைத் தேய்த்தும் இருமியும் எதிர்ப்பைக் காட்டினார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று ஊல்வொர்த் கடையின் வெள்ளையர் உணவு மேசையில் உட்கார்ந்து எழ மறுத்த நான்கு பேரும் அதே கல்லூரி மாணவர்கள்தாம்.

டர்ஹாமின் கறுப்பினக் குடியிருப்பு ஹெய்டி. கடை, திரையரங்கு, தேவாலயம், மருத்துவமனை என்று சொந்தக் காலில் நின்ற ஊர். நகரச் சீரமைப்பு என்று 1962இல் வாக்கெடுப்பு நடந்தபோது, புது வீடும் புதுக் கடையும் வரும் என்று நம்பிக் கறுப்பினத் தலைவர்களும் ஆதரித்தார்கள். இடிப்பு மட்டும் சொன்னபடி நடந்தது. 4,000க்கும் மேற்பட்ட குடும்பங்களும் 500 தொழில்களும் பெயர்க்கப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். வாக்களித்தபடி எதுவும் திரும்பக் கட்டப்படவில்லை. நடுவே நெடுஞ்சாலை ஒன்று போட்டார்கள். நகரத்திலிருந்து அந்தச் சாலையில் ஏறினால் நேரே ஆய்வுப் பூங்காவுக்குப் போகலாம்.