கன்ரன் துறைமுகத்தில் வணிகமும் அறமும்

கொள்வோனும் கொடுப்போனும் ஒரே நாட்டினராய், ஒரே சட்டத்துக்கு அடங்கியவராய் இருக்குமிடத்து, வணிகத்தில் எழும் பிணக்குகளுக்கு அந்நாட்டு வழக்கும் நீதிமன்றமும் முடிவு கூறும். கடல் கடந்து வந்தோர் வேற்று நாட்டினரோடு வணிகஞ் செய்யுமிடத்தோ அத்தகைய பொது அளவுகோல் இல்லை. ஒருவர் கொடை எனக் கொள்வதை மற்றவர் கைக்கூலி என்பர். ஒருவர் நீதி என்பதை மற்றவர் கொடுமை என்பர். இந்நிலையில் எல்லா அறமும் அவ்வந்நாட்டு வழக்கமே என்று கூறிவிடலாமா? அன்றி, எந்நாட்டார்க்கும் பொதுவாய அறம் ஒன்று உண்டா? இவ்வினாவைச் சீன தேசத்துக் கன்ரன் துறைமுக வரலாறு போலத் தெளிவாக எழுப்பும் வரலாறு வேறொன்றைக் காண்டல் அரிது.

1757ஆம் ஆண்டு தொடக்கம் மேனாட்டுக் கப்பல்களின் வணிகத்தைச் சீனப் பேரரசு கன்ரன் துறைமுகம் ஒன்றுக்கே வரையறுத்தது. ஆங்கும் பிறநாட்டார் தாம் விரும்பியவரோடு வணிகஞ் செய்தல் இயலாது. ஹொங் எனப்படும் உரிமை பெற்ற வணிகர் குழுவினர் வாயிலாகவே தேயிலையும் பட்டும் வாங்கல் வேண்டும். வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஹொங் வணிகர் ஒருவர் பிணை நின்றார். மாலுமிகள் குற்றஞ் செய்யின் அவரே அரசுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். ஹொங் வணிகர் ஒருவர் கடன்பட்டு நொடிந்தால், ஏனையோர் சேர்ந்து அக்கடனைத் தீர்த்தல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஒருவன் பிழைக்கு அவனைச் சார்ந்தோரும் பொறுப்பாவர் என்பது சீனர் கொள்கை. செய்தவனே பொறுப்பாவான் என்பது ஆங்கிலேயர் கொள்கை. எனினும் கடன் திரும்பக் கிடைக்கும் வேளையில் ஆங்கில வணிகர் சீனரின் கூட்டுப் பொறுப்பை விருப்புடன் ஏற்றனர். தம்மவர் குற்றத்துக்குத் தாம் பொறுப்பாகும் வேளையில் அதனைக் காட்டுமிராண்டி வழக்கம் என இகழ்ந்தனர்.

இவ்விரு கொள்கைகளும் நேர்க்கு நேர் மோதிய நிகழ்ச்சி 1784இல் நடைபெற்றது. அவ்வாண்டு நவம்பர் மாதம் லேடி ஹியூஸ் என்னும் கப்பலில் மரியாதைக்காகப் பீரங்கி வெடிக்கப்பட்டபோது, அருகிலிருந்த படகிலே சீனர் இருவர் காயமுற்று மாண்டனர். வெடித்தவன் கொல்லும் நோக்கமுடையவன் அல்லன். ஆதலின் அது கொலையாகாது என்றனர் ஆங்கிலேயர். உயிர்கள் போயின; விடை கூறுவான் ஒருவன் வேண்டும் என்றனர் சீன அதிகாரிகள். கப்பலின் வணிகப் பொறுப்பாளர் சிறைப்பிடிக்கப்பட்டார், வணிகம் நிறுத்தப்பட்டது. முடிவில் பீரங்கிக்காரன் ஒப்படைக்கப்பட்டு, 1785 சனவரியில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டான். நல்ல நீதி கிடைக்கும் என்று எண்ணி அவனை ஒப்படைத்தனரா, தேயிலை வணிகம் கெடுமென அஞ்சி ஒப்படைத்தனரா என்ற வினா அவனுடைய நாட்டவரின் மனச்சாட்சியை நெடுங்காலம் உறுத்தியது. இது மெய்யான அறச்சிக்கல். இருதிறத்தாரும் தத்தம் கொள்கையை மறையாது எடுத்துரைத்தனர். இருதிறத்தாரிடமும் ஒரு நியாயம் இருந்தது.

அபின் வணிகமோ அத்தகையதன்று. சீனத் தேயிலைக்கு ஈடாக வெள்ளியையே கொடுக்க வேண்டியிருந்த கிழக்கிந்தியக் கம்பனி, வெள்ளிக்கு மாற்றாக ஒரு பண்டத்தைத் தேடியது. 1773இல் வங்காளத்து அபினைத் தன் தனியுரிமையாக்கியது. சீனப் பேரரசர் 1729இலேயே அபின் புகைத்தற்கான விற்பனையைத் தடைசெய்திருந்தனர். பின்னர் இறக்குமதியும் விலக்கப்பட்டது. இதனைக் கம்பனியார் நன்கு அறிவர். ஆதலின் கன்ரனுக்குச் செல்லும் தம் கப்பல்களில் அபின் ஏற்றுவதை அவர்கள் தாமே தடுத்தனர். கல்கத்தாவில் ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, அதன்பின் அது எங்கே போயிற்று என்பது தமக்குத் தெரியாதது போல இருந்தனர். வாங்கிய தனி வணிகர் அதனைக் கன்ரன் ஆற்றுமுகத்திலுள்ள லின்டின் தீவினருகே நிறுத்திய கப்பல்களில் இறக்கினர். விரைந்து செல்லும் சீனப் படகுகள் அதனைக் கரைக்குக் கடத்தின. ஏறத்தாழ 140 இறாத்தல் கொண்ட பெட்டிகள், 1838 அளவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 40,000 வரை சென்றன.

இவ்வணிகர் தம் செயலுக்குக் கூறிய நியாயங்கள் பல. சீன அதிகாரிகளே கைக்கூலி பெற்று வழிவிடுகின்றனர். காப்போரே மீறும் சட்டம் சட்டமாகாது என்பது ஒன்று. வேண்டுவோர் வாங்குகின்றனர், வற்புறுத்துவார் இலர் என்பது மற்றொன்று. தாம் விற்காவிடின் பிறர் விற்பர் என்பது வேறொன்று. அதிகாரிகள் கைக்கூலி பெற்றமை உண்மையே. ஆயினும் பெறுவோன் குற்றம் கொடுப்போன் குற்றத்தைக் கழுவமாட்டாது. பிறர் விற்பர் என்ற சமாதானத்துக்கும் கன்ரனிலேயே மறுப்பு இருந்தது. அமெரிக்கரின் ஒலிபந்த் கம்பனியார் அபினைத் தொடுவதில்லை என்ற உறுதியோடு அதே துறைமுகத்தில் வணிகஞ் செய்தனர். ஏனையோர் அவர்களுடைய இருப்பிடத்தைச் 'சீயோன் மூலை' என்று எள்ளினர். அந்த எள்ளலே, வேறு வழி உண்டு என்பதை எள்ளினோரும் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

1839 மார்ச்சில் பேரரசரின் ஆணையாளராகக் கன்ரனை அடைந்தவர் லின் சே-சூ. அபின் முழுவதையும் ஒப்படைக்கும்வரை பிறநாட்டு வணிகரை அவர்தம் விடுதிகளிலே அடைத்து வைத்தார். குற்றமுடையாரோடு குற்றமில்லாரும் அடைபட்டனர். லின்னின் செயலில் குறைகூறத்தக்க இடம் இதுவே. பிரித்தானிய வணிக மேற்பார்வையாளர் எலியற், அரசு ஈடுசெய்யும் என வணிகர்க்கு உறுதியளித்து, 20,283 பெட்டிகளை ஒப்படைக்க இசைந்தார். யூன் 3ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ மூன்று கிழமைகள், அபினை நீர்க்குழிகளில் இட்டு, உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்துக் கடலில் விடுத்தனர். கடலை மாசுபடுத்த நேர்ந்தமைக்காக லின் கடற்றெய்வத்துக்கு வழிபாடு செய்து பொறுதி வேண்டினார்.

லின் விக்டோரியா இராணிக்கு ஒரு முடங்கலும் எழுதினார். தம் நாட்டில் விலக்கிய நஞ்சைப் பிறர் நாட்டில் விற்றல் தகுமா என்பது அதன் கருத்து. இதில் ஒரு பிழை உண்டு. அக்கால இங்கிலாந்தில் அபின் விலக்கப்படவில்லை. மருந்தாகத் தடையின்றி விற்கப்பட்டது. 1868இலேதான் அதன் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் தகவல் பிழைத்தபோதும் அறம் பிழைக்கவில்லை. ஒரு நாட்டார் தம் மக்களைக் காக்க இயற்றிய விதியை, அதை அறிந்தே பிறநாட்டார் மறைவில் மீறலாகுமா என்ற வினா அப்படியே நிற்கின்றது.

அவ்வினாவுக்கு விடையாகப் போர்க்கப்பல்கள் வந்தன. 1840 ஏப்ரலில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இளைஞராயிருந்த கிளாட்ஸ்ரன் இப்போர் அநீதியானது எனக் கண்டித்தார். எனினும் அரசைக் கண்டிக்கும் தீர்மானம் 262க்கு எதிராக 271 வாக்குகளால் தோற்றது. ஒன்பது வாக்குகளே வேறுபாடு என்பதால், அந்நாட்டாருள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேர் மனம் ஒப்பவில்லை என்பது புலனாகும். சென்னை மாகாணத்துப் படைஞரும் அப்போரில் ஈடுபடுத்தப்பட்டனர். 1842 ஓகஸ்ட் 29இல் ஒப்பமிடப்பட்ட நான்கிங் உடன்படிக்கையின்படி சீனம் 210 இலட்சம் டொலர் கொடுக்கவும், ஹொங்கொங் தீவை விட்டுக்கொடுக்கவும் நேர்ந்தது. அத்தொகையில் 60 இலட்சம் அழிக்கப்பட்ட அபினுக்கான விலை; 30 இலட்சம் ஹொங் வணிகர் பட்ட கடனுக்கு. கடத்தல் பண்டத்தைக் கைப்பற்றிய அரசே அதற்கு விலை செலுத்தியது.

இவ்வரலாற்றினின்றும் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. பண்பாட்டு வேறுபாட்டால் எழும் சிக்கலில் இருதிறத்தாரும் தம் கொள்கையை வெளிப்படையாக வழக்காடுவர். லேடி ஹியூஸ் வழக்கு அத்தகையது. அபின் வணிகத்திலோ கம்பனி தன் கப்பலை விலக்கியது. வணிகர் தீவின் மறைவை நாடினர். அதிகாரி மறைவிற் கை நீட்டினார். தம் வழக்கம் சரியென்று உண்மையாகவே நம்புவோர் அதனை ஒளிப்பதில்லை. ஒளிக்க நேருமிடத்து, அங்கே இரண்டு அறங்கள் மோதவில்லை. இருதிறத்தாரும் அறிந்த ஓர் அறமே மீறப்படுகின்றது.

1976இல் லொக்ஹீட் விமானக் கம்பனி யப்பானிய அரசியலாளர்க்குக் கொடுத்த கைக்கூலி வெளிப்பட்டபோதும், வேற்று நாட்டில் அது வழக்கம் என்ற பழைய சமாதானம் கேட்கப்பட்டது. வழக்கமாயின் அதனை மறைத்ததேன் என்பதற்கு விடையில்லை. மறுவருடமே அமெரிக்கா பிறநாட்டு அதிகாரிகளுக்குக் கைக்கூலி கொடுப்பதைக் குற்றமாக்கியது. கன்ரன் ஆற்றுமுகத்தில் கரைந்த அபின் உலகுக்கு உணர்த்திய பாடம் சட்டமாதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.