கோபி எந்த அணிக்குப் போவார்? – 2007 கோடையைக் கலக்கிய ட்ரேட் வதந்திகள்

என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். அடுத்த சீசன் தொடங்க அக்டோபர் கடைசி ஆகிவிடும். இடைப்பட்ட நான்கு மாதங்கள் மைதானத்தில் பந்துச் சத்தம் கேட்காது. ஆனால் ரசிகர்களின் வாய்ச்சத்தம் மட்டும் ஓயவே ஓயாது! யார் எந்த அணிக்குப் போகிறார், யாருக்குப் பதில் யார் வருகிறார் என்ற பேச்சுதான் அந்த மாதங்களின் ஆட்டம். சொல்லப்போனால் அமெரிக்காவில் பலருக்கு நிஜ ஆட்டத்தைவிட இந்த ஆட்டம்தான் சுவாரசியம்.

அப்படிப்பட்ட கோடைகளிலேயே மிகச் சூடானவற்றில் ஒன்று 2007. அதன் நாயகன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட்.

முதலில், ட்ரேட் என்றால் என்ன?

ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு வீரர் வேண்டுமென்றால் பணத்தைக் கொடுத்து வாங்கிவிடலாம். என்.பி.ஏ.வில் அது நடக்காது. ஆளுக்கு ஆள், அல்லது வருங்காலத்தில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' உரிமை என்று ஏதாவது ஒன்றைப் பதிலாகக் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள், அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறத்தாழ ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 2007இல் இருந்த விதிப்படி, அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதமும் அதற்கு மேல் 1 லட்சம் டாலரும் வரைதான் திரும்ப வாங்கலாம்.

ஆகவே ஒரு நட்சத்திர வீரரைப் பற்றி வதந்தி கிளம்பினால், ரசிகர்கள் காகிதமும் கால்குலேட்டருமாக உட்கார்ந்துவிடுவார்கள். "இந்த மூன்று பேரைக் கொடுத்தால் கணக்கு சரியாக வருகிறது, ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்பார்கள். அணியின் மேலாளர் போடும் கணக்கை ஒரு சாதாரண ரசிகரும் வீட்டில் உட்கார்ந்து போட முடியும் என்பதுதான் இந்த விவாதத்தின் கவர்ச்சியே.

பின்னணி

கோபியே லேக்கர்ஸுக்கு வந்தது ஒரு ட்ரேட் மூலம்தான். 1996 டிராஃப்டில் 17 வயதுப் பள்ளி மாணவனான அவரை 13ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது ஷார்லட் ஹார்னெட்ஸ் அணி. லேக்கர்ஸின் அப்போதைய மேலாளர் ஜெர்ரி வெஸ்ட், அனுபவசாலியான விளாடே டிவாக்கைக் கொடுத்து அவரை வாங்கினார். அதே கோடையில் ஷகீல் ஓ'நீலும் வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று சாம்பியன் பட்டங்களை வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2004 ஜூலையில் ஷகீல் மயாமி ஹீட் அணிக்கு அனுப்பப்பட்டார். லாமர் ஓடம், கேரன் பட்லர், பிரையன் கிராண்ட் ஆகியோரும் ஒரு டிராஃப்ட் உரிமையும் பதிலுக்கு வந்தன. மறுநாளே கோபி 7 ஆண்டுகளுக்கு 13.64 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்தில் அன்று அதிகம் பேர் கவனிக்காத ஒரு ஷரத்து இருந்தது: கோபியின் சம்மதம் இல்லாமல் அவரை எந்த அணிக்கும் ட்ரேட் செய்ய முடியாது. 8 ஆண்டு அனுபவமும், அதே அணியில் 4 ஆண்டு ஆடிய கணக்கும் இருந்தால்தான் இந்த உரிமையைக் கேட்கவே முடியும். இந்த ஒரு ஷரத்துதான் பின்னால் முழுக் கதையையும் தீர்மானித்தது.

அதற்குப் பிறகு லேக்கர்ஸ் சரிந்தது. 2004–05 சீசனில் 34 வெற்றி, 48 தோல்வி. பிளே-ஆஃப் வாய்ப்பே இல்லை. 2006 ஜனவரி 22 அன்று டொரான்டோவுக்கு எதிராக கோபி ஒரே ஆட்டத்தில் 81 புள்ளிகள் எடுத்தார். உலகமே வியந்தது. ஆனால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியிடம் தோற்று லேக்கர்ஸ் வெளியேறியது. அங்கே ஷகீலோ 2006இல் மயாமியோடு சாம்பியன் ஆகிவிட்டார். புண்ணில் உப்பைத் தேய்த்தது போல் ஆனது.

மே 30, 2007

2007 பிப்ரவரியில் நியூஜெர்சி நெட்ஸ் அணியின் ஜேசன் கிட்டை வாங்க லேக்கர்ஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பதிலுக்கு நெட்ஸ் கேட்டது ஆண்ட்ரூ பைனம் என்ற இளைஞரை. 2005இல் 17 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர், என்.பி.ஏ. டிராஃப்ட் வரலாற்றிலேயே மிக இளையவர். மேலாளர் மிட்ச் கப்சாக் அவரைக் கொடுக்க மறுத்துவிட்டார். கோபிக்கு ஆத்திரம். தனக்கு வயது 28 ஆகிவிட்டது, இப்போது ஜெயிக்காமல் ஒரு சிறுவன் வளரும்வரை காத்திருப்பதா என்பது அவர் வாதம்.

மே மாதக் கடைசியில், ஷகீல் வெளியேறியதற்குக் கோபிதான் காரணம் என்று லேக்கர்ஸுக்குள் இருக்கும் பெயர் சொல்லாத ஒருவர் கூறியதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. வெடித்தது விஷயம். மே 30 அன்று ஒரு வானொலி நிகழ்ச்சியில் தன்னை ட்ரேட் செய்துவிட வேண்டும் என்று கோபி வெளிப்படையாகவே சொன்னார். அன்றே, பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனோடு பேசிய பிறகு, வேறொரு நிகழ்ச்சியில் கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரே நாளில் "போகிறேன்", "இருக்கலாம்" இரண்டும்! பிறகு, ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் கோபி பைனமையும் கப்சாக்கையும் திட்டுவதை யாரோ படமெடுத்த வீடியோ ஒன்றும் வெளிவந்தது. ஜூனில் அணியின் உரிமையாளர் ஜெர்ரி பஸ் பார்சலோனாவில் கோபியைச் சந்தித்துப் பேசினார். அதிலும் முடிவு எட்டவில்லை.

ரசிகர்களின் மூன்று கட்சி

அந்தக் கோடையில் லேக்கர்ஸ் ரசிகர்கள் ஏறத்தாழ மூன்று கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள்.

முதல் கட்சி, "போகட்டும் விடு" கட்சி. அணிதான் பெரிது, ஆள் இல்லை என்பது இவர்கள் கொள்கை. கரீம் அப்துல்-ஜப்பார் 1975இல் மில்வாக்கியிலிருந்து விலக விரும்பினார், லேக்கர்ஸுக்கு வந்தார். அவருக்கு முன் 1968இல் வில்ட் சேம்பர்லேன் வந்தார். மாமலைகளே இடம் மாறியிருக்கின்றன, கோபி மட்டும் என்ன என்று இவர்கள் கேட்டார்கள். ஷகீலை இழந்த வருத்தம் தீராதவர்கள் இந்தக் கட்சியில் அதிகம்.

இரண்டாவது கட்சி, "கோபி சொல்வதில் என்ன தப்பு?" என்று கேட்டது. 2005–06இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 35.4 புள்ளி, 2006–07இல் 31.6 புள்ளி எடுத்தவர். இவ்வளவு உழைப்பவருக்குத் துணையாக நிர்வாகம் யாரைக் கொண்டுவந்தது? கேரன் பட்லரைக் கொடுத்து குவாமி பிரவுனை வாங்கியதுதான் மிச்சம். கோபம் கோபி மேல் அல்ல, கப்சாக் மேல்தான் வர வேண்டும் என்றார்கள் இவர்கள்.

மூன்றாவது கட்சி கணக்குக் கட்சி. உணர்ச்சியை ஓரமாக வை, என்ன கிடைக்கும் சொல் என்பார்கள். இவர்களின் கணக்கு பெரும்பாலும் சிகாகோ புல்ஸில் போய் முடிந்தது. அங்கே லுவோல் டெங், பென் கார்டன், கிர்க் ஹைன்ரிக், டைரஸ் தாமஸ் என்று இளம் வீரர்கள் வரிசையாக இருந்தார்கள். ஆனால் 2007–08இல் கோபியின் சம்பளம் ஏறத்தாழ 1.95 கோடி டாலர். டெங், கார்டன் போன்றோர் இன்னும் ஆரம்பகால ஒப்பந்தத்தின் குறைந்த சம்பளத்தில் இருந்தவர்கள். கணக்கைச் சரிக்கட்டப் போனால் பாதி அணியையே தூக்கிக் கொடுக்க வேண்டும். பாதி அணி போன பிறகு அங்கே கோபி போய் யாரோடு ஆடுவார்?

இந்தக் கேள்வி கோபிக்கும் தெரிந்திருந்தது. பின்னர் வெளியான தகவல்களின்படி, டெங் சிகாகோவிலேயே இருந்தால்தான் தான் வருவேன் என்பது அவர் நிலை. டெங் இல்லாமல் லேக்கர்ஸ் சம்மதிக்காது. முடிச்சு அங்கேதான் விழுந்தது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸோடு பேச்சு கனிந்து வந்தபோது, கோபியே தன் ஷரத்தைப் பயன்படுத்தி மறுத்துவிட்டார் என்பதும் பிற்பாடுதான் வெளியே தெரிந்தது.

ஊளைச் சத்தத்தில் தொடங்கிய சீசன்

அக்டோபரில் ஜெர்ரி பஸ், கோபிக்காக வரும் பேரங்களைக் கேட்கத் தயார் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். வதந்தி மறுபடி பற்றிக்கொண்டது. அக்டோபர் 30 அன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம். சொந்த மைதானத்தில் கோபியின் பெயரை அறிவித்தபோது கைத்தட்டலோடு ஊளைச் சத்தமும் எழுந்தது. மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தவருக்கு, 81 புள்ளி எடுத்தவருக்கு இந்த வரவேற்பு! அன்று கோபி 45 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் கடைசி நொடிகளில் ஷேன் பாட்டியே போட்ட மூன்று புள்ளி கூடையால் லேக்கர்ஸ் 93–95 என்று தோற்றது.

ஊளையிட்டவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வீரருக்கு ஒப்பந்தம் உண்டு, ஷரத்து உண்டு. உரிமையாளருக்கு அணியே சொந்தம். ரசிகருக்கு என்ன உண்டு? தொண்டை மட்டும்தான். நான்கு மாதம் தன்னைக் கேட்காமலே தன் அணியைப் பற்றிப் பேரம் நடந்ததற்கு அவர்கள் கொடுத்த ஒரே வாக்கு அந்தச் சத்தம்.

யாரும் எதிர்பாராத முடிவு

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. பழைய தோழர் டெரெக் ஃபிஷர், மகளின் கண் நோய்ச் சிகிச்சைக்காக யூட்டா அணியிலிருந்து விலகி, 2007 ஜூலையிலேயே லேக்கர்ஸுக்குத் திரும்பியிருந்தார். நவம்பரில் ட்ரெவர் அரீசா வந்தார். கோபி "தூக்கி எறி" என்று சொன்ன பைனம் ஆட்டத்துக்குச் சராசரி 13 புள்ளி, 10 ரீபவுண்டு என்று மலர்ந்தார். 2008 ஜனவரியில் அவருக்கு முழங்காலில் அடிபட்டது. பிப்ரவரி 1 அன்று மெம்ஃபிஸிலிருந்து பாவ் கசோல் வந்து சேர்ந்தார். பதிலுக்குப் போனவர்கள் குவாமி பிரவுன், ஜவாரிஸ் கிரிட்டன்டன், ஆரன் மெக்கீ, கூடவே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளும் கசோலின் தம்பி மார்க் கசோல் மீதான உரிமையும்.

கோடை முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொண்ட பெயர்கள் ஜேசன் கிட், கெவின் கார்னெட், ஜெர்மெய்ன் ஓ'நீல். மூவரில் ஒருவர்கூட வரவில்லை. கார்னெட் ஜூலை 31 அன்று பாஸ்டனுக்குப் போய்விட்டார்.

லேக்கர்ஸ் அந்த சீசனில் 57 ஆட்டங்களை வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. கோபிக்கு அவர் வாழ்நாளின் ஒரே எம்.வி.பி. விருது கிடைத்தது. இறுதிப் போட்டியில் அதே கார்னெட்டின் பாஸ்டனிடம் தோற்றாலும், 2009, 2010 இரண்டு ஆண்டுகளும் பட்டம் லேக்கர்ஸுக்கே. ஊளை கேட்ட அதே மைதானத்தில் 2017 டிசம்பரில் 8, 24 என்ற அவருடைய இரண்டு சட்டை எண்களுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபோது, அந்த மைதானத்தின் வாசலில் பூக்களோடு ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள்.

யார் சொன்னது சரி?

கோபியை விடக்கூடாது என்றவர்கள் ஜெயித்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. கோபி அன்று கத்தியிருக்காவிட்டால் நிர்வாகம் இவ்வளவு வேகம் காட்டியிருக்குமா? பைனமை விடாத கப்சாக்கும் சரிதான். இரண்டு பட்டங்களிலும் பைனமுக்குப் பங்கு உண்டு. அதே பைனம் 2012இல் ட்ரேட் ஆன பிறகு முழங்கால் காயத்தால் ஃபிலடெல்ஃபியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கோபியை இழந்த சிகாகோவுக்கு 2008 டிராஃப்டின் முதல் இடம் கிடைத்தது. அதில் வந்த டெரிக் ரோஸ் 2011இல் எம்.வி.பி. ஆனார். பாவ் கசோலைக் கொடுத்து மெம்ஃபிஸ் ஏமாந்தது என்று எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மார்க் 2013இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார்.

இந்த விவாதங்களில் யாராலும் சரியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. முடிவைத் தீர்மானித்தவை ஒரு குழந்தையின் நோய், ஒரு முழங்கால், பூட்டிய அறைக்குள் ஒருவர் சொன்ன "மாட்டேன்". கால்குலேட்டரில் இவை எதுவும் வராது.

அப்படியானால் வதந்தி விவாதம் வீண்தானா? 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பியது. முன்கூட்டி ஒரு வதந்தியும் இல்லை, விவாதமும் இல்லை. ஓர் இரவில் முடிந்துவிட்டது. டாலஸ் ரசிகர்கள் மைதான வாசலில் சவப்பெட்டி வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்களுக்கு, திட்டவும் கெஞ்சவும் கணக்குப் போடவும் மனதைத் தயார் செய்துகொள்ளவும் ஒரு கோடை முழுவதும் கிடைத்தது. டாலஸ்காரர்களுக்கு அந்த நான்கு மாதம்கூடக் கிடைக்கவில்லை.