சாவி கையில், பத்திரம் எங்கே? நொய்டாவில் வீடு வாங்குவோர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: தலைநகரை ஒட்டிய நொய்டா, கிரேட்டர் நொய்டா பகுதிகளில் பல்லாயிரம் குடும்பங்கள் வீட்டின் விலையை முழுமையாகச் செலுத்தி, சாவியைப் பெற்று, குடியேறி, மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் செலுத்தி வருகின்றன. ஆயினும் அந்த வீடுகள் இன்னும் அவர்கள் பெயரில் பதிவு செய்யப்படவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் உரிமையாளர்கள் அல்லர். ஒதுக்கீடு பெற்றவர்கள் மட்டுமே. வீட்டை விற்க முயலும்போதும், அடமானம் வைக்க வங்கியை நாடும்போதும், குடும்பத் தலைவர் காலமாகி வாரிசுரிமை கோரும்போதும் இந்த வேறுபாட்டின் சுமை தெரியவருகிறது.

உத்தரப் பிரதேசத்தின் கௌதம புத்த நகர் மாவட்டத்தில் அடங்கிய இப்பகுதி, நாட்டின் மிகப்பெரிய அடுக்குமாடிச் சந்தைகளுள் ஒன்று. தகவல் தொழில்நுட்பப் பணிக்காகத் தெற்கிலிருந்து சென்று அங்கு வீடு தேடுவோரும் உண்டு. தமிழகத்தில் வீடு வாங்கிப் பழகியவர்களுக்கு நொய்டாவின் நடைமுறை புதிது என்பதால், அதன் அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

நிலம் யாருடையது?

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குபவர், மனையில் பிரிக்கப்படாத பங்கைத் தம் பெயரில் கிரயம் செய்துகொள்கிறார். நொய்டாவில் அவ்வாறு இல்லை. 1976-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத் தொழிற்பகுதி மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட நொய்டா ஆணையமே அங்கு நிலத்தின் உரிமையாளர். ஆணையம் கட்டுமான நிறுவனத்துக்கு 90 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் அளிக்கிறது. வீடு வாங்குபவர் அந்தக் குத்தகையின் ஒரு பகுதியைப் பெறுகிறார். ஆகவே அங்குள்ள பத்திரம் முத்தரப்புப் பத்திரம்; ஆணையம், கட்டுமான நிறுவனம், வாங்குபவர் ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். இதையே உள்ளூர் மக்கள் ‘ரஜிஸ்ட்ரி’ என்கின்றனர்.

மூவரில் ஒருவர் கையொப்பமிட மறுத்தாலும் பத்திரம் இல்லை. பெரும்பாலான இடங்களில் மறுப்பது ஆணையம்தான். அதற்குக் காரணமும் உண்டு. 2010-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், நிலத்தின் விலையில் 10 சதவீதத்தை மட்டும் முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, மீதியைத் தவணைகளில் செலுத்த ஆணையம் அனுமதித்தது. குறைந்த முதலீட்டில் நிலம் கிடைத்ததால் பல நிறுவனங்கள் தம் தகுதிக்கு மீறி மனைகளை எடுத்தன. ஒரு திட்டத்துக்காக வாடிக்கையாளர்கள் செலுத்திய பணம் அடுத்த திட்டத்தின் நிலத்துக்குச் சென்றது. தவணை நின்றது, வட்டிக்கு வட்டி ஏறியது. நிலுவையைச் செலுத்தாத நிறுவனத்தின் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றும் பத்திரப் பதிவு அனுமதியும் தர ஆணையம் மறுத்தது. முழு விலையையும் செலுத்தியவர், தாம் வாங்காத கடனுக்குப் பிணையாளிபோல ஆகிவிட்டார். நிலம் கொடுத்தபோது காட்டாத கண்டிப்பை வீடு வாங்கியவரிடம் ஆணையம் காட்டுவது எவ்வகையில் நியாயம் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

நீதிமன்றம் தலையிட்ட வழக்குகள்

இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி ஆம்ரபாலி வழக்கில் விடையளித்தது. அக்குழுமத்தின் ரேரா பதிவை ரத்து செய்த நீதிபதிகள் அருண் மிஸ்ரா, யு.யு.லலித் அமர்வு, முடிவுறாத வீடுகளைக் கட்டி முடிக்கும் பொறுப்பை மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. நிலுவைக்காக வீடு வாங்கியோரின் உடைமையில் ஆணையங்கள் கை வைக்க முடியாது என்றும், ஏற்கனவே குடியிருப்போருக்குப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆனால் இந்தப் பாதுகாப்பு அந்த வழக்கின் திட்டங்களுக்கு உரியது. பிற திட்டங்களில் வாங்கியோர் தனியே போராட வேண்டியிருந்தது. 2017-இல் திவால் நடைமுறைக்குச் சென்ற ஜேப்பி இன்ஃப்ராடெக் நிறுவனத்தில் வீடு பதிவு செய்த 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், சுரக்ஷா குழுமத்தின் மீட்புத் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் அளித்த 2023 மார்ச் வரை காத்திருந்தனர்.

2022 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சூப்பர்டெக் இரட்டைக் கோபுரங்களைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதன் பின்னணி அவ்வளவாகப் பேசப்படவில்லை. செக்டார் 93ஏ-இல் உள்ள எமரால்டு கோர்ட் குடியிருப்போர், தங்கள் ஒப்புதலின்றி வரைபடம் மாற்றப்பட்டதை எதிர்த்து 2012-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சென்றனர். 2014-இல் அங்கு வென்று, 2021 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றனர். விற்பனையின்போது காட்டப்பட்ட வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருப்பது எவ்வளவு பயன்தரும் என்பதற்கு இவ்வழக்கைவிடச் சிறந்த சான்று இல்லை.

முடங்கிய திட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த அமிதாப் காந்த் குழு 2023-இல் அறிக்கை அளித்தது. அதன்படி நாடு முழுவதும் சுமார் 4.12 லட்சம் வீடுகள் முடங்கியிருந்தன. அவற்றில் சுமார் 2.40 லட்சம் தேசியத் தலைநகர்ப் பகுதியில் இருந்தன. அப்பரிந்துரைகளின் அடிப்படையில் உத்தரப் பிரதேச அரசு 2023 டிசம்பரில் ஒரு சலுகைத் திட்டத்தை ஏற்றது. கொரோனா காலமான 2020 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான வட்டி தள்ளுபடி செய்யப்படும். எஞ்சிய நிலுவையில் 25 சதவீதத்தை 60 நாட்களுக்குள் செலுத்தும் நிறுவனங்களின் திட்டங்களில் பத்திரப் பதிவு படிப்படியாக அனுமதிக்கப்படும். இதனால் பல குடியிருப்புகளில் பதிவு தொடங்கியது. சலுகையை ஏற்காத நிறுவனங்களும் ஏற்றபின் தவணை தவறிய நிறுவனங்களும் உள்ளன என்பதால், தாம் வாங்கும் திட்டம் எந்த நிலையில் உள்ளது என்பதை ஆணையத்திடமே கேட்டறிவது அவசியம்.

வாங்கும் முன்

2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் நொய்டா விரைவுச் சாலை, கிரேட்டர் நொய்டா மேற்கு, ஜேவர் விமான நிலையத்தை ஒட்டிய யமுனா விரைவுச் சாலை ஆகிய பகுதிகளில் விலை கணிசமாக உயர்ந்துள்ளது. வட்டி குறைவு, விலை உயர்வு என்ற இரண்டையும் காட்டி ‘இப்போதே வாங்குங்கள்’ என்று முகவர்கள் அவசரப்படுத்துவது வழக்கம். அந்த அவசரம் வாங்குபவருடையது அல்ல.

கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது உத்தரப் பிரதேச ரேராவின் இணையதளம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ அமையும் திட்டம் பதிவின்றி விற்கப்படக் கூடாது. பதிவு எண்ணோடு நின்றுவிடாமல், நிறுவனம் அளித்துள்ள நிறைவுத் தேதி எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது, காலாண்டு முன்னேற்ற அறிக்கை பதிவேற்றப்படுகிறதா, மனை மீது கடன் உள்ளதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில் ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனிப் பதிவு இருக்கலாம். விளம்பரத்தில் உள்ள எண் உங்கள் கோபுரத்துக்கு உரியதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, நில நிலுவை. இதை ரேரா தளத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. ஆணையத்தின் குழு வீட்டுவசதிப் பிரிவில், அந்த மனை எண்ணுக்கு எவ்வளவு நிலுவை, பணி நிறைவுச் சான்று எந்தெந்தக் கோபுரங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது, எத்தனை வீடுகளுக்குப் பதிவு அனுமதி உள்ளது என்று எழுத்துமூலம் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளது. நேரமில்லை என்போருக்கு எளிய வழி ஒன்று: அதே வளாகத்தில் குடியிருப்பவர் எவரிடமேனும் ‘உங்களுக்கு ரஜிஸ்ட்ரி ஆகிவிட்டதா?’ என்று கேட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

ரேரா சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனம் பெறக் கூடாது. பதிவில்லாத ஒப்பந்தத்தில் 40, 50 சதவீதம் கொடுத்துவிட்டு நீதிமன்றப் படியேறியவர்கள் ஏராளம். விலையைக் கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் உள்ள பயன்பாட்டுப் பரப்பின் அடிப்படையில் கணக்கிட வேண்டும். ‘சூப்பர் ஏரியா’ என்று கூறப்படும் பரப்பில் மாடிப்படி, நடைபாதை, மின்தூக்கி எல்லாம் சேர்ந்துவிடும்.

தயாரான வீட்டின் அனுகூலம் வரியிலும் உண்டு. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 45 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, இப்பகுதியில் 60 சதுர மீட்டருக்கு மிகாத வீட்டுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று பெற்றபின் விற்கப்படும் வீட்டுக்கு இவ்வரி இல்லை. 80 லட்சம் ரூபாய் வீட்டில் இதுவே 4 லட்சம் ரூபாய் வேறுபாடு. ‘தயார்’ என்ற சொல்லுக்கு வர்ணம் பூசிய சுவர் பொருளன்று, சான்றிதழே பொருள். மீரட் நகர வழக்கு ஒன்றில் 2024 டிசம்பர் 17-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இச்சான்று இருந்தால்தான் மின்சாரம், குடிநீர் இணைப்பு வழங்க வேண்டும் என்றும், வங்கிகளும் இதைச் சரிபார்த்த பின்பே கட்டடத்தின் பேரில் கடன் அளிக்க வேண்டும் என்றும் கூறியது.

மறுவிற்பனையில் வாங்குவோர், விற்பவர் பெயரில் முத்தரப்புப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பதிவாகாத வீட்டில் நிறுவனத்தின் ஒதுக்கீட்டுக் கடிதம் மட்டுமே கைமாறும். விலை சற்றுக் குறைவாகச் சொல்லப்படும். ஆனால் பதிவுச் சிக்கல் முழுவதும் வாங்குபவர் தலையில் வந்துவிடும். பதிவான வீட்டுக்கும் ஆணையத்தின் உரிமை மாற்ற அனுமதி தேவை. குத்தகை வாடகை செலுத்தப்பட்டுள்ளதா, 90 ஆண்டில் எஞ்சியது எவ்வளவு, பராமரிப்பு நிலுவை உண்டா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்துவது வாங்குபவரின் கடமை. இதை மறந்து பின்னர் நோட்டீஸ் பெறுவோர் பலர்.

மலிவு விலையின் மறுபக்கம்

ஆணையத்தின் மனைகளுக்கு அப்பால், கிராம நிலங்களில் உள்ளூர் ஆட்களால் எழுப்பப்பட்ட நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்களில் வீடுகள் பெருமளவு குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கிரேட்டர் நொய்டாவின் ஷாபேரி கிராமத்தில் 2018 ஜூலை 17-ஆம் தேதி இரவு இத்தகைய இரு கட்டடங்கள் சரிந்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அங்குக் கட்டட அனுமதியே இருக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிறது, சில நிதி நிறுவனங்கள் கடனும் தருகின்றன என்பதால் மட்டும் ஒரு கட்டடம் சட்டபூர்வமானதாக ஆகிவிடாது. வரைபட ஒப்புதல் இல்லாத இடத்தில் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதிருப்பதே பாதுகாப்பு.

கடனும் தவணையும்

30 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரையும், 75 லட்சம் ரூபாய் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் மட்டுமே வங்கிகள் அளிக்கலாம். 60 லட்சம் ரூபாய் கடனை 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 50,200 ரூபாய். கட்டுமானம் தாமதமானால் இதனுடன் வாடகையும் சேரும். நொய்டாவில் பல குடும்பங்களை நொடிக்கச் செய்தது இந்த இரட்டைச் சுமையே.

‘வீடு கிடைக்கும் வரை தவணையை நாங்கள் செலுத்துகிறோம்’ என்று நிறுவனம் கூறும் திட்டங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கடன் வாங்குபவரின் பெயரில்தான் உள்ளது. நிறுவனம் கைவிட்டவுடன் வங்கி அவரைத்தான் தேடி வரும். இத்தகைய திட்டங்களில் வங்கிகளும் கட்டுமான நிறுவனங்களும் கைகோத்தனவா என்பதை விசாரிக்க 2025-இல் உச்ச நீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது. கட்டுமானம் எட்டிய நிலைக்கு ஏற்பவே கடன் தொகை விடுவிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருந்தது. தொகையை விடுவிக்கும் கடிதத்தில் கையொப்பமிடும் முன் கட்டட இடத்துக்கு ஒருமுறை நேரில் சென்று தளங்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஏற்கனவே வாங்கியவர்களுக்கு

ஒப்படைப்புத் தேதி கடந்தும் வீடு வராதவர், ரேரா சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ் பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். வீடே வேண்டும் என்றால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கோரலாம். லக்னோ தலைமையகத்துடன் கிரேட்டர் நொய்டாவிலும் உத்தரப் பிரதேச ரேராவுக்கு அலுவலகம் உள்ளது. புகாரை இணையவழியில் அளிக்கலாம். உத்தரவு பெறுவது எளிது, தொகையைப் பெறுவதே கடினம் என்பது பலரின் அனுபவம். நிறுவனம் செலுத்தத் தவறினால், நில வருவாய் நிலுவைபோல மாவட்ட நிர்வாகம் வழியாக வசூலிக்கும் சான்றைக் கோரிப் பெற வேண்டும். அது தானாக வந்துவிடும் என்று காத்திருப்பது வீண். திவால் தீர்ப்பாயத்தை நாட, அதே திட்டத்தில் வாங்கியோரில் 100 பேரோ 10 சதவீதத்தினரோ, எது குறைவோ அத்தனை பேர், சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். திவால் நடைமுறை தொடங்கிவிட்டால், உரிய காலத்துக்குள் இடைக்கால நிர்வாகியிடம் தம் கோரிக்கையைத் தாக்கல் செய்யாதவர் பட்டியலில் விடுபடும் அபாயம் உண்டு.

குடியேறிய பின்னும் பத்திரம் கிடைக்காதோர் குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து ஆணையத்தை அணுகுவதே பயன் தந்துள்ளது. பணம் செலுத்திய ரசீதுகள், ஒதுக்கீட்டுக் கடிதம், ஒப்படைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை வாரிசுகளுக்கும் தெரியும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். பதிவு அனுமதி வந்தவுடன் முத்திரைக் கட்டணத்துக்கான பெருந்தொகையை உடனே திரட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதையும் முன்கூட்டியே ஒதுக்குவது நல்லது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைபாடுகளை 30 நாட்களுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்த ஐந்து ஆண்டு, பத்திரம் பதிவான நாளிலிருந்து அன்றி, வீடு கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது.