கல்யாணத்துக்கு முன்னாடியே 'சொத்து யாருக்கு எப்படி?' - கோவாவின் 4 ஆப்ஷன்கள்!

கோவான்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பீச், பைக் ரைடு, ஃப்ரெண்ட்ஸோட போட்டு கேன்சல் ஆன ட்ரிப் பிளான்... அவ்வளவுதானே? ஆனா, கோவாக்காரர்கள் கல்யாணம் பண்ணும்போது, நம்ம ஊர் மண்டபத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'நம்ம சொத்து நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா, தனித்தனியா?' பதில் சொல்லாமல் விட்டால், சட்டமே ஒரு பதிலை எழுதிவிடும்.

இது என்ன சட்டம்?

1867-ல் போர்ச்சுகலில் எழுதப்பட்ட சிவில் சட்டம், அப்போது அவர்கள் வசமிருந்த கோவாவுக்கும் வந்தது. 1961-ல் கோவா இந்தியாவோடு இணைந்த பிறகும் அது தொடர்ந்தது. வாரிசுரிமை தொடர்பான பகுதிகளுக்கு மட்டும் பின்னர் கோவா சட்டமன்றமே புதுச் சட்டம் கொண்டுவந்தது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல், கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது பொருந்தும். சென்னையிலிருந்து போய் ரிசார்ட்டில் தாலி கட்டினாலே இந்தச் சட்டம் உங்களோடு ஒட்டிக்கொள்ளாது. கவலை வேண்டாம்!

அந்த 4 ஆப்ஷன்கள்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்பு அவளிடம் 40 லட்ச ரூபாய் ஃபிளாட், அவனிடம் 10 லட்ச ரூபாய் டெபாசிட். கல்யாணத்துக்குப் பிறகு 30 லட்சத்துக்கு ஓர் இடம் வாங்குகிறார்கள்.

1. எல்லாமே பொது: முன்பு இருந்தது, பிறகு வாங்கியது, பரம்பரையாக வந்தது எல்லாம் ஒரே பானையில். மொத்தம் 80 லட்சம், ஆளுக்குப் பாதி, அதாவது 40 லட்சம். 'இது என் மகளுக்கு மட்டும்தான்' என்று நிபந்தனை போட்டு அப்பா எழுதிக் கொடுத்த சொத்து மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு.

2. எல்லாமே தனி: அவளுடையது அவளுக்கு, அவனுடையது அவனுக்கு. புது இடம் யார் பெயரில் வாங்கப்பட்டதோ, அவருக்கு.

3. பழையது தனி, புதுசு பொது: ஃபிளாட் அவளுக்கு, டெபாசிட் அவனுக்கு. புது இடத்தில் மட்டும் பாதிப் பாதி. அவளுக்கு 55 லட்சம், அவனுக்கு 25 லட்சம்.

4. சீதன முறை: மணமகள் கொண்டுவரும் சொத்தைக் கணவர் நிர்வகிப்பார், திருமண பந்தம் முடியும்போது அது திரும்பி வர வேண்டும். இன்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அரிது.

மிஸ் பண்ணக் கூடாத பாயின்ட்

எதுவும் எழுதாமல் கல்யாணம் செய்தால், தானாகவே முதல் ஆப்ஷன்தான். வேறு ஏதாவது வேண்டுமென்றால், கல்யாணத்துக்கு முன்பே அதற்கான அதிகாரி முன்னிலையில் முறையான பத்திரமாக ஒப்பந்தம் எழுத வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் செல்லாது. கல்யாணத்துக்குப் பிறகு, 'மாத்திக்கலாமே' என்றாலும் முடியாது.

ஒருவர் இறந்துவிட்டால்?

முதல் ஆப்ஷனில் இருக்கும் தம்பதியில் கணவர் இறந்தால், மனைவியின் 40 லட்சத்தை யாரும் தொட முடியாது. அது வாரிசுப் பங்கு இல்லை, ஏற்கெனவே அவருடைய பாதி. கணவரின் பாதியிலும், 20 லட்சத்தை மட்டுமே அவர் விருப்பப்படி உயில் எழுதியிருக்க முடியும். மீதி 20 லட்சம் பிள்ளைகளுக்குப் போயாக வேண்டும். சொத்து கோவாவுக்கு வெளியே இருந்தாலும், கோவாக்காரர்களின் வாரிசுரிமைக்கு கோவாவின் சட்டமே பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வருமான வரியிலும் இது எதிரொலிக்கிறது. வாடகை, வட்டி போன்ற வருமானத்தைத் தம்பதிக்குள் பாதியாகப் பிரித்துக் கணக்குக் காட்ட, 1961 வருமான வரிச் சட்டத்திலேயே 5ஏ என்ற தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. சம்பளம் மட்டும் சம்பாதிப்பவர் கணக்கிலேயே இருக்கும்.

அப்போ இது சூப்பர் சட்டமா?

முழுசா அப்படிச் சொல்லிவிட முடியாது. பொதுவான வீட்டையோ நிலத்தையோ மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவரால் விற்க முடியாது என்பது பெரிய பாதுகாப்பு. ஆனால், அதே 1867 சட்டம் பொதுச் சொத்தின் நிர்வாகத்தைக் கணவர் கையில்தான் கொடுத்தது. பாதி உங்களுடையது, சாவி மட்டும் அவரிடம்!

நமக்கு என்ன?

தமிழ்நாட்டில், கல்யாணம் ஆனதாலேயே துணையின் சொத்தில் பாதி உங்களுக்கு வந்துவிடாது. பத்திரத்தில் யார் பெயர் என்பதுதான் முதல் கேள்வி. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான், அதில் அவருக்குச் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், அந்தப் பெண் அதற்காகக் கோர்ட் படியேற வேண்டியிருந்தது.

கோவாக்காரரைக் காதலிக்கிறீர்களா? தேதி குறிக்கும் முன்பே வக்கீலைப் பாருங்கள். மற்றவர்கள், இன்றைக்கே துணையிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: வீடு யார் பெயரில்? ஈ.எம்.ஐ யார் கட்டுகிறோம்? நாமினி யார்? கேட்கக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும். பரவாயில்லை, மெனு கார்டுக்கே மூணு நாள் பேசுறோம்... இதுக்கு ஒரு மணி நேரம் பேச மாட்டோமா?