மாடல் டி காரும் இரண்டு குழாய்களும்

1908-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரை அறிமுகப்படுத்தியது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரானது! ஆனால் எஞ்சின் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர் அதில் இல்லை.

புதுக் கார் கைக்கு வந்ததும் ஆயில் ஊற்றுங்கள், ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்புங்கள் என்றது நிறுவனத்தின் கையேடு. வண்டியின் அடியில் மேலொன்றும் கீழொன்றுமாக, திறந்து மூடும் இரண்டு சிறு குழாய்கள் இருந்தன. மேல் குழாயில் வழியும்வரை ஆயில் ஊற்ற வேண்டும். எஞ்சின் பழகிய பின் இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும். கீழ்க் குழாயைத் திறந்தும் சொட்டவில்லையா? ஆபத்துதான்!

காரணம், அந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. சுழலும் பாகங்கள் வாரியிறைக்கும் ஆயில்தான் பேரிங்குகளைக் காத்தது. ஆயில் குறைந்தால் அவை உருகிப்போகும்.

இன்று எச்சரிக்க விளக்கு எரிகிறது. அன்றோ, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவரின் பொறுப்பில் இருந்தது எஞ்சினின் ஆயுள்.