விளைவு வழிப் பாடத் திட்டமிடல்: தாமிரபரணிக் கரையில்

ஒரு பாடம் முடியும்போது மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அவர் அதைக் கற்றுவிட்டார் என்பதற்கு எது சான்று என்று அடுத்து வகுத்து, அதன் பிறகே கற்பிக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது விளைவு வழிப் பாடத் திட்டமிடல். பின்னோக்கித் திட்டமிடல் என்றும் இதைச் சொல்வார்கள். அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை இருவரும் 1998-ல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் பை டிசைன்’ என்ற நூல் இந்த வரிசையைப் பல நாட்டு ஆசிரியர்களிடமும் கொண்டு சேர்த்தது. வகுப்பறைத் திட்டமிடலில் அவர்கள் கண்ட குறைகள் இரண்டு. ஒன்று, குழந்தைகள் மகிழ்ச்சியாக ஏதோ செய்கிறார்கள் என்பதையே கற்றல் என்று எண்ணிக்கொள்வது. மற்றொன்று, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எட்டுவதையே இலக்காக்கிக்கொள்வது. ‘போர்ஷன் முடிப்பது’ என்று நம் ஆசிரியர் அறைகளில் அன்றாடம் பேசப்படுவது இந்த இரண்டாவதைத்தான்.

இம்முறையின் உயிர் நடுப்படியில் இருக்கிறது. நோக்கம் எழுதுவது நம் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல, பி.எட். பயில்பவர் பாடக்குறிப்பேட்டில் முதலில் எழுதுவதே அதுதான். கற்பிக்கும் படிகளும் அதே ஏட்டில் விரிவாக இருக்கும். சான்று எது என்ற கேள்விக்கு மட்டும் ஏட்டின் அடியில் ‘மதிப்பீடு’ என்ற தலைப்பும் மூன்று நான்கு வினாக்களும்தான் கிடைக்கின்றன. அவையும் பாடம் நடத்தும் விதத்தைத் தீர்மானித்த பிறகு, அதற்கு ஏற்றாற்போல் எழுதப்படுகின்றன. அந்தக் கடைசிப் பகுதியைப் பாடத்துக்கு முன்னால் கொண்டுவருவதே இங்கே பேசப்படும் மாற்றம்.

வேர்கள்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டைலர் 1949-ல் எழுதிய சிறு நூல் நான்கு கேள்விகளை முன்வைத்தது. பள்ளி எதை அடைய முயல்கிறது? அதற்கு உதவும் அனுபவங்கள் எவை? அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? அடைந்துவிட்டதை எப்படி அறிவது? டைலரிடம் பயின்ற பெஞ்சமின் புளூம், தம் குழுவினருடன் சேர்ந்து, அறிதல் முதல் மதிப்பிடல் வரை ஆறு படிகள் கொண்ட நோக்க வகைப்பாட்டை 1956-ல் வெளியிட்டார். இன்றும் தமிழ்நாட்டின் ஆசிரியர் கல்வி மாணவர் யாரும் அந்த ஆறு படிகளைத் தாண்டாமல் பட்டம் பெறுவதில்லை.

புளூம் இந்தியாவுக்கும் வந்தார். 1957-ல் இடைநிலைக் கல்வித் துறையினரோடு தேர்வுச் சீர்திருத்தம் பற்றிப் பணியாற்றினார்; மறு ஆண்டு மத்தியத் தேர்வுப் பிரிவு உருவானது. இதில் நன்மை உண்டு: நெட்டுருவை மட்டுமே கேட்ட வினாத்தாள்களில் புரிதலையும் பயன்பாட்டையும் சோதிக்கும் வினாக்கள் இடம்பெறத் தொடங்கின, வினாத்தாளுக்கு ‘புளூபிரிண்ட்’ வந்தது. ஆனால் புதிய சிந்தனை நம் பள்ளிகளுக்குள் வினாத்தாளின் வழியாக நுழைந்ததால், அது பாடம் திட்டமிடுகிறவரின் கருவியாக ஆவதற்கு முன்பே தேர்வுத் துறையின் கருவியாகிவிட்டது. அதன் தடம் இன்னும் மறையவில்லை.

பிறகு 1991-ல் குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் வகுக்கப்பட்டன. 2017-ல் என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பு வரையான கற்றல் விளைவுகளை வகுப்புவாரியாகவும் பாடவாரியாகவும் வெளியிட்டது. அதே ஆண்டு கல்வி உரிமைச் சட்ட விதிகளிலும் கற்றல் விளைவுகள் சேர்க்கப்பட்டன. நவம்பர் 13-ல் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நடந்த தேசிய அடைவுத் தேர்வு அவற்றை அடிப்படையாகக் கொண்டிருந்தது.

பாளையங்கோட்டையின் ஆசிரியர் மரபு

தாமிரபரணிக் கரையில் திருநெல்வேலியை ஒட்டி, ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பெயரெடுத்த பாளையங்கோட்டை, கல்லூரிகளின் ஊராக இருப்பதைப் போலவே ஆசிரியர்களை உருவாக்கும் ஊராகவும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. 1820-ல் அங்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி ரேனியஸ் கிராமப் பள்ளிகளை நிறுவினார். இந்தியாவைக் கண்டிராத சாராள் டக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் நினைவாகப் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையம் எழுந்தது. 1895-ல் அதன் வழியே கல்லூரியும் வந்தது. தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950-லும், பெண்களுக்கான புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி 1957-லும் தொடங்கின. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு முனைஞ்சிப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

விளைவைக் கேட்கும் வழக்கமும் இங்கே பழையது. 1860-களில் சென்னை மாகாண அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குப் ‘பலனுக்கேற்ற மானியம்’ கொடுக்கத் தொடங்கியது. ஆய்வாளர் வருவார், குழந்தைகளை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம் வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆய்வாளர் கேட்கப்போவது எதுவோ அதுவே பாடம் என்றாகிவிடும் ஆபத்து அதன் அமைப்பிலேயே இருந்தது. விளைவைத் திட்டமிடுவதும் விளைவைக் கணக்குக் காட்டுவதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு வாய்க்காலும் எட்டாம் வகுப்பும்

சேரன்மகாதேவி அருகே ஓர் எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர் இம்முறையில் ஓர் அலகைத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் பேச்சு வீட்டில் ஓயாது. பாபநாசம் அணையில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதைக் குழந்தைகள் செய்தித்தாளில் தினமும் பார்க்கிறார்கள். ஒரு கனஅடி நீர் என்றால் எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆசிரியர் விளைவை இப்படி எழுதுகிறார்: ‘ஓடும் நீரின் அளவை மாணவர் தாமே அளந்து மதிப்பிடுவார், அந்த மதிப்பீட்டைக் கொண்டு நீர்ப் பங்கீடு பற்றிய ஒரு முடிவுக்குக் காரணம் சொல்வார்.’ இதை எழுதியதும் அவர் சாக்பீஸை எடுப்பதில்லை. சான்றுக்குப் போகிறார். வகுப்பில் பார்த்திராத வேறொரு வாய்க்காலின் அளவுகள் மாணவர் கையில் தரப்படும். தலைமடையில் ஒரு வயல், கடைமடையில் ஒரு வயல். இரண்டுக்கும் எவ்வளவு நேரம் மடை திறந்திருக்க வேண்டும் என்று மாணவர் கணக்கிட்டு, வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டிக்குச் சொல்வதுபோல் விளக்க வேண்டும். விடை எண் சரியாக இருந்தும் காரணம் சொல்ல முடியாவிட்டால் பாதிதான் வந்திருக்கிறது. எண்ணில் சிறு பிழை இருந்து காரணம் தெளிவாக இருந்தால், திருத்த வேண்டிய இடம் எது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

இப்போதுதான் பாடங்கள் வரிசைக்கு வருகின்றன. வாய்க்காலின் குறுக்குவெட்டு செவ்வகம் அல்ல, மேலே அகன்று கீழே குறுகியது. ஆகவே சரிவகத்தின் பரப்பளவு வேண்டும். ஆழம் இடத்துக்கு இடம் மாறுகிறது, சராசரி வேண்டும். நீரின் மேற்பரப்பு அடிப்பகுதியைவிட வேகமாக ஓடுகிறது, ஆகவே வேகத்தை அளக்க நீரில் விடும் மிதவையின் வேகத்தை 0.85 போன்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். அது ஏன் என்ற அறிவியலும் வேண்டும். கனமீட்டரை லிட்டராகவும் கனஅடியாகவும் மாற்றத் தெரிய வேண்டும்.

ஒரு நாள் ஆழமில்லாத வயல் வாய்க்காலுக்குப் போகலாம். பெரிய கால்வாயின் பக்கமே போகக் கூடாது. அங்கே சராசரி அகலம் 1.2 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர், குறுக்குவெட்டுப் பரப்பு 0.48 சதுர மீட்டர் என்று கொள்வோம். பத்து மீட்டர் தூரத்தை ஒரு மிதவை 25 நொடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.4 மீட்டர், 0.85-ஆல் பெருக்கினால் 0.34. ஆக நொடிக்கு ஏறக்குறைய 163 லிட்டர், கனஅடியில் 5.8. ஒரு ஏக்கர் வயலில் ஐந்து சென்டிமீட்டர் நீர் நிறுத்த, கசிவைக் கணக்கில் எடுக்காவிட்டால், இந்த வாய்க்காலுக்குச் சுமார் 21 நிமிடம் ஆகும். கசிவைச் சேர்த்தால்? கேள்வி அங்கிருந்து கடைமடைக்குப் போகிறது. அங்கே தண்ணீர் ஏன் தாமதமாக வருகிறது, ஏன் சில ஆண்டுகளில் வருவதே இல்லை என்று பிள்ளைகள் வீட்டில் கேட்ட பேச்சுக்கு அளவையின் மொழி கிடைக்கிறது.

இதே வாய்க்காலுக்கு விளைவை முடிவு செய்யாமலும் போய் வரலாம். படம் வரைவார்கள், சுவரொட்டி ஒட்டுவார்கள், ஒளிப்படம் எடுப்பார்கள். நல்ல நாளாகத்தான் இருக்கும். அடுத்த நாள் அவர்களுக்கு என்ன தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தொடக்கப் பள்ளிகளில்

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், விளைவு வழித் திட்டமிடலின் வரிசையைத் தமிழ்நாட்டில் அட்டைகளாகவே அச்சிட்டுக் கொடுத்தது. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து பிறந்த அதன் ‘ஏணி’யில், அதாவது கற்றல் படிகளின் வரிசையில், ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி ஆகியவற்றோடு மதிப்பீட்டு அட்டையும் இருக்கும். அதைச் செய்துகாட்டிய குழந்தை அடுத்த படிக்குப் போகும். செய்யாத குழந்தைக்குக் குறைதீர் அட்டை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் சிறு பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு கூடுதலாகப் பொருந்தியது.

கொரோனாக் கால இடைவெளிக்குப் பின் 2022 ஜூன் 13-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பார்த்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எழுத்துகளைச் சேர்த்து வாசிக்க வரவில்லை என்றால், அன்றைய பாடம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது அதன் பெரிய நேர்மை. அரசின் செயலியில் பதிவுகள் ஏற்றும் வேலை ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது என்ற குறையும் தொடர்ந்து கேட்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. அடுத்த நாள் பாடத்தைத் திட்டமிட வேண்டிய அரைமணி நேரம்தான் அங்கே போகிறது.

கல்லூரிகளில்

2014 ஜூனில், பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆனது. அதன்பின் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரத்தை நாடும் பொறியியல் கல்லூரிகளுக்கு விளைவு வழிக் கல்வி தவிர்க்க முடியாததாயிற்று. கலை, அறிவியல் படிப்புகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு கற்றல் விளைவுகளை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டச் சட்டகத்தைத் தந்தது. அபிஷேகப்பட்டியில் 1990-ல் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்ளும் இன்று ஒவ்வொரு தாளுக்கும் ‘சி.ஓ.’ எனும் தாள் விளைவு, அதைப் படிப்பு முழுமையின் விளைவான ‘பி.ஓ.’வோடு பொருத்தும் அட்டவணை என்பவை பேராசிரியர்களுக்குப் பழகிய சொற்கள். அட்டவணையின் கட்டங்களில் 1, 2, 3 என்று எண்கள் நிரம்புகின்றன. வினாத்தாளும் வகுப்பும் பழையபடியே இருந்தால் அந்த எண்களால் மாணவருக்கு எதுவும் மாறாது. விளைவும் கற்பித்தலும் மதிப்பீடும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் 1996-ல் வலியுறுத்தியபோது, பொருந்த வேண்டிய இடமாக அவர் காட்டியது வகுப்பறையை.

எல்லைகள்

இங்கிலாந்தின் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-ல், விளைவை முன்கூட்டியே வகுக்கும் முறையை அடிப்படையிலேயே மறுத்தார். ஒரு கவிதையையோ வரலாற்று நிகழ்வையோ உண்மையாகப் படிக்கும் மாணவர் எங்கே போய்ச் சேர்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, சொல்லிவிட்டால் படிப்பே சுருங்கிவிடும் என்பது அவர் வாதம். அமெரிக்காவின் எலியட் ஐஸ்னர் கலைக் கல்வியின் பக்கம் நின்று இதற்கு நெருக்கமான கருத்தைச் சொன்னார். தமிழ் இலக்கிய வகுப்பு எடுப்பவர்கள் இந்த மறுப்பைக் கவனமாகக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்கா 1997-ல் பெரும் எதிர்பார்ப்போடு விளைவு வழிக் கல்வியைக் கொண்டுவந்து 2010-ல் கைவிட்டது. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் பாடநூல்களும் இல்லாமல் விளைவுப் பட்டியல்கள் மட்டும் போய்ச் சேர்ந்ததே அங்கே முக்கியக் குறை.

திருநெல்வேலிக்கு இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். பள்ளிகளில் சாதி உணர்வைக் களைய வழிகாண அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, வகுப்பில் அகரவரிசைப்படி இருக்கை ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

சமூக அறிவியல் பாடத்தில் ‘சமத்துவத்தின் பொருளை வரையறுப்பார்’ என்ற விளைவை நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணோடு அடைந்துவிடலாம். அந்த விடைத்தாள் இங்கே சான்றாகாது. உண்மையான விளைவு, சக மாணவரைச் சமமாக நடத்துவது. அது ஒரு பிரிவேளையிலோ ஒரு பருவத்திலோ முடிகிற பாடமல்ல. சத்துணவு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள், குழு சேரச் சொன்னால் யார் தனியே விடப்படுகிறார்கள், விளையாட்டு அணியில் யார் கூப்பிடப்படுவதே இல்லை என்பவை அதற்கான சான்றுகள். இவற்றுக்கு மதிப்பெண் போட முடியாது. போட்டால் பிள்ளைகள் ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் சரியாக நடப்பார்கள். எனவே ஒரே வகுப்பாசிரியர் ஜூனிலும் டிசம்பரிலும் மார்ச்சிலும் இதே கேள்விகளுக்குத் தம் ஏட்டில் விடை எழுதிவைத்து, தலைமை ஆசிரியரோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த பருவத்தில் யாரை யாரோடு சேர்ந்து வேலை செய்ய வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.