சாமியார் ஊரில் இல்லாத நாட்கள்

வீரமாமுனிவர்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மெரினா சிலை, தேம்பாவணி, சதுரகராதி, அப்புறம் ஏகார ஓகாரத்துக்கு அவர் போட்ட கொம்பு. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினதோட சரி. அவர் ஒரு பங்குச்சாமியார்ங்கிறதை நாம அநேகமா மறந்துட்டோம். இந்தப் பதிவு அந்தச் சாமியாரைப் பத்தி.

நான் இருக்கிறது கடலூர் - சிதம்பரம் சாலையில, சிப்காட் பக்கம். ஒரு பக்கம் புகைபோக்கி, பின்னாடி உப்பனாறு. இங்கிருந்து மேற்கே போனா, இதே கடலூர் மாவட்டத்துல, விருத்தாசலம் பக்கம் முகாசாபரூருக்கு அருகில கோணான்குப்பம்னு ஒரு ஊர். அங்க இருக்கிற பெரியநாயகி மாதா கோயில் வீரமாமுனிவர் காலத்தது. முகாசாபரூர் கச்சிராயர் உதவியோட கட்டினதா உள்ளூர்ல சொல்வாங்க. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்பாள் பேரும் பெரியநாயகிதான்! இத்தாலியிலிருந்து வந்த மனுஷன் மாதாவுக்கு இந்த மண்ணோட பேரையே வெச்சிருக்கார் பாருங்க.

கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. 1680ல இத்தாலியில காஸ்திலியோனே ஊர்ல பிறந்து, 1698ல இயேசு சபையில சேர்ந்து, 1710ல கோவாவுல கரை இறங்கினவர். அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். 1606ல தத்துவ போதகர் (ராபர்ட் தெ நொபிலி) ஆரம்பிச்ச மிஷன் அது. இவருக்கு இங்க முதல்ல கிடைச்ச பேர் தைரியநாதர்.

நிற்க. அந்தக் காலத்துப் பங்கை இன்னிக்கு இருக்கிற பங்கு மாதிரி நினைக்கக் கூடாது. நாலு தெரு, ஒரு கோயில், ஞாயித்துக்கிழமை மூணு பூசைன்னு இல்லை. ஒரே சாமியார் பொறுப்புல எத்தனையோ கிராமங்கள். கோணான்குப்பத்துக்கும் கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சிக்கும் நடுவுல மட்டும் மணிமுத்தாறு, வெள்ளாறுன்னு ரெண்டு ஆறு. மழைக்காலத்துல வெள்ளம், மத்த காலத்துல பாளையக்காரர் சண்டை, படை நடமாட்டம். ஒரு ஊருக்குச் சாமியார் வருஷத்துக்கு ஒருதரம் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வெச்சாலே பெரிய விஷயம்.

அப்ப மிச்ச நாளெல்லாம்? பிறந்த குழந்தை சாகக் கிடந்தா ஞானஸ்நானம் யார் கொடுக்கிறது? செத்தவரை அடக்கம் பண்ணும்போது செபம் சொல்றது யார்? பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கிறது யார்? புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குறது யார்? எல்லாத்துக்கும் ஒரே ஆள்தான்: உபதேசியார். அன்னிக்கு அவருக்கு ‘வேதியர்’னு பேர். குடியானவர், நம்மள மாதிரி சம்சாரி. சாவு ஆபத்துல இருக்கிறவங்களுக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு திருச்சபையில விதி இருக்கு. ஆனா பூசையும் பாவமன்னிப்பும் குருவுக்கு மட்டும்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அத்தனை வேலையும் வேதியர் தலையில.

இவங்களுக்காகத்தான் 1720களின் கடைசியில வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். இருபது அதிகாரம், முழுக்க உரைநடை. தமிழ் உரைநடை வளர்ச்சி பத்திப் பேசுறவங்க இந்த நூலைச் சொல்லாம விடமாட்டாங்க. அந்த உரைநடை எதுக்காகப் பிறந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. தேம்பாவணியில 3615 பாட்டு. அது புலவர் சபைக்கு. ஊர் ஊரா நடக்கிற வேதியருக்கு விருத்தப்பா உதவாது. நீ எப்படி நடந்துக்கணும், ஜனங்களுக்கு எப்படிப் போதிக்கணும்னு நேராச் சொல்லியாகணும். "நான் இல்லாதப்போ என் ஜனங்க என்ன ஆவாங்க?"ங்கிற ஒரு சாமியாரோட கவலைதான் அந்த உரைநடைக்குப் பின்னாடி இருக்குன்னு எனக்குத் தோணுது.

இதே மனுஷன்தான் பரமார்த்த குரு கதையும் எழுதினார் :-) ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்த்த சீடர்கள் நமக்குத் தெரியாதவங்களா? ஆறு ஆறாத் தாண்டி அலைஞ்ச சாமியாருக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததுன்னு ஊகிக்கிறது கஷ்டமில்லை. ஒரு பக்கம் குருவையும் சீடனையும் வெச்சுக் கேலி. இன்னொரு பக்கம் நிஜமான சீடர்களுக்குப் பொறுப்பா ஒரு புத்தகம்.

அவர் கவலைப்பட்டது வீண் போகலை. 1747ல கேரளத்து அம்பழக்காட்டுல இறந்து போனார். 1759ல போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகள்லேர்ந்து இயேசு சபையை விரட்டியது. 1773ல போப்பாண்டவரே சபையைக் கலைச்சுட்டார். அதுக்கப்புறம் புதுச்சேரியிலிருந்து பாரீஸ் மிஷன் குருக்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டாலும், அத்தனை கிராமத்துக்கும் அவங்க எண்ணிக்கை போதலை. இயேசு சபைக்காரங்க மதுரைக்குத் திரும்பி வர 1838 ஆயிடுச்சு. கிட்டத்தட்ட 65 வருஷம், ரெண்டு தலைமுறைக்கு மேல. அந்த நாட்கள்ல பல ஊர்ல விசுவாசத்தைக் காப்பாத்தினது பேரே தெரியாத உபதேசியார்களும், செபம் சொல்லிக் கொடுத்த பாட்டிமார்களும்தான். சிலை இருக்கிறது முனிவருக்கு. ஊரைத் தாங்கினது இவங்க.

தேம்பாவணியோட நாயகன் யாருன்னு பாருங்க: சூசையப்பர். தச்சு வேலை செஞ்சு குடும்பத்தைக் காப்பாத்தினவர். 1955ல பன்னிரண்டாம் பத்திநாதர் மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாவே அறிவிச்சார். தொழிற்பேட்டையில இருக்கிற எங்களுக்கு இது நெருக்கமான விஷயம். ஞாயித்துக்கிழமை காலை ஷிப்ட் விழுந்தா பூசை போச்சு. அப்புறம் இருக்கிறது சாயங்காலம் யாராவது வீட்டுல கூடுற அன்பியக் கூட்டம் மட்டும்தான். ஜெபம் சொல்றது குரு இல்லை. வேலை முடிஞ்சு குளிச்சுட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர், இல்லன்னா அவர் வீட்டம்மா. வீரமாமுனிவர் காலத்துல அவங்களை வேதியர்னு கூப்பிட்டிருப்பாங்க.

உங்க ஊர்ப் பக்கம் பழைய உபதேசியார் குடும்பம் ஏதாவது இருந்தா, அவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட உக்காந்து பேசி எழுதி வையுங்க மக்களே. அதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்துலயும் வரப்போறதில்லை.